துரைசாமியின் கால்கள்

ஆபத்து வந்தால் கை கால் ஓடாது என்பார்கள். துரைசாமிக்குக் கால் ஓடிவிட்டது. புனேயில் தாபோடி பக்கம் அவர் குடியிருந்த சந்து முழுக்க ஒரு வாரமாக இதுதான் பேச்சு.

நடந்தது இவ்வளவுதான். புதன்கிழமை காலை எட்டேகால் மணி இருக்கும். அவர் மனைவி பவுன் சமையலறையில் தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். துரைசாமி முன்னறை நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். சிலிண்டரிலிருந்து அடுப்புக்குப் போகும் ரப்பர் குழாயில் எங்கேயோ விரிசல் விட்டிருக்கிறது. 'டப்' என்று ஒரு சத்தம், அதன் பின்னாலேயே ஆளுயரத்துக்குத் தீ. அதற்கு அடுத்து துரைசாமிக்கு ஞாபகம் இருப்பது, சந்துக் கோடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் தான் நின்றுகொண்டிருந்ததுதான். வெறுங்கால்கள் இரண்டும் சேர்ந்திருந்தன. கைகள் தொடையோடு ஒட்டியிருந்தன. பார்வை நேராக இருந்தது. யாராவது வந்து தன் நம்பரைக் கூப்பிடுவார்கள் என்று காத்துக்கொண்டிருந்தார்.

கொத்துமல்லி விற்கிற அம்மாள் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "காகா, காய் ஜாலா?" என்று கேட்டாள். என்ன ஆச்சு என்று அவள் மராத்தியில் கேட்ட பிறகுதான் அவர் திரும்பிப் பார்த்தார். தன் வீட்டு ஜன்னலிலிருந்து புகை வருவது தெரிந்தது. வீட்டுக்குள் பவுன் இருப்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

அவர் திரும்பிப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. பக்கத்து வீட்டு ஆட்டோக்காரன் சுனில் பின்பக்கமாக ஓடிவந்து, ஒரு கோணிப்பையைத் தண்ணீரில் முக்கித் தீயின்மேல் போட்டு, சிலிண்டரையும் மூடியிருந்தான். பவுன் அடுப்புக்கு நான்கடி தள்ளி, தோசைத் திருப்பி கையோடு, நனைந்த புடவையோடு நின்றிருந்தாள். கூடியிருந்த பெண்கள், "பவுன் தாயி இடத்தை விட்டு அசையவே இல்லை, என்ன துணிச்சல்!" என்று மாய்ந்து மாய்ந்து பேசினார்கள். துரைசாமியைப் பற்றி அன்றைக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. பெரிய மனுஷன், வயது அறுபத்திரண்டு, எப்படிச் சொல்வார்கள்? மறுநாள் காலையிலிருந்து சந்துப் பிள்ளைகள் சொன்னார்கள். "பாகோ காகா! பாகோ காகா!" ஓடுங்கள் பெரியப்பா, ஓடுங்கள்.

அந்தப் பிள்ளைகளுக்கு அவருடைய கால்களின் கதை தெரியாது. தெரிந்திருந்தாலும் கத்தியிருப்பார்கள், அது வேறு விஷயம்.

துரைசாமி முப்பத்து மூன்று வருடம் ஒரு வெடிமருந்துத் தொழிற்சாலையில் மருந்து நிரப்பும் பிரிவில் வேலை பார்த்தவர். அந்தக் கொட்டகைக்குள் போகுமுன் தீப்பெட்டி, சாவி, மோதிரம், பெல்ட் எல்லாவற்றையும் வெளியே வைத்துவிட வேண்டும். வாசலில் பதித்த செப்புத் தகட்டில் உள்ளங்கையை வைத்து உடம்பிலுள்ள மின்சாரத்தை இறக்கிவிட்டுப் போக வேண்டும். எல்லாக் கதவும் வெளிப்பக்கம்தான் திறக்கும். தரையில் ஒரு மஞ்சள் கோடு மேஜையிலிருந்து வாசலுக்கும், வாசலிலிருந்து நூற்றைம்பது அடி தள்ளி ஒரு வேப்பமரத்துக்கும் போகும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் ராகவேந்திரா என்ற ஃபோர்மேன் அவரைக் கோட்டின்மேல் நிற்கவைத்துச் சொன்னார்:

"மணி அடிச்சா கையில இருக்கிறதை மேஜைமேல மெதுவா வை. கோட்டைப் பிடிச்சு ஓடு. திரும்பிப் பாக்காதே. பக்கத்துல இருக்கிறவனைக் கூப்பிடாதே. எங்கேயோ ஒருத்தன் சிநேகிதனைக் கூப்பிடத் திரும்பினான், ஒண்ணு போக வேண்டிய இடத்துல ரெண்டு போச்சு. மரத்தடியில நில்லு. உன் நம்பரைக் கூப்பிட்டா ஹாஜிர்னு சொல்லு. அவ்வளவுதான்."

மாதத்துக்கு இரண்டு முறை மணி அடிக்கும். எல்லாம் ஒத்திகைதான். முப்பத்து மூன்று வருடத்தில் எண்ணூறு முறை துரைசாமி கையில் இருந்ததை மெதுவாக வைத்துவிட்டு ஓடியிருக்கிறார். அவர் இருந்த வரைக்கும் அந்தக் கொட்டகையில் ஒரு பட்டாசுகூட வெடிக்கவில்லை. அத்தனை வருடம் சேர்த்துவைத்த ஓட்டத்தை, ஓய்வு பெற்று இரண்டு வருடம் கழித்து, பெண்டாட்டியைத் தோசைக்கல்லோடு விட்டுவிட்டு ஓடித் தீர்த்தார் மனிதர்.

இதில் ஒரு சின்ன விஷயம் உண்டு. அவர் ஓடிய பிறகு டீ கிளாஸ் மேஜைமேல் இருந்தது. ஒரு சொட்டு சிந்தவில்லை. அதைப் பவுன் பார்த்துவிட்டாள். இரண்டு நாள் கழித்து, பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்காமல், "கிளாஸ மட்டும் பத்திரமா வச்சிட்டுப் போனீங்க" என்றாள். அதைப் பற்றி அவள் சொன்னது அவ்வளவுதான். நாலு வார்த்தை திட்டியிருந்தால் துரைசாமி பிழைத்திருப்பார். இந்த ஒரு வரி அவரைச் சாப்பிடவிடாமல் செய்தது.

அவரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. குக்கர் விசில் அடித்தால் நெஞ்சு அடித்துக்கொண்டது. யாராவது கதவைச் சாத்தினால் உள்ளங்கை வியர்த்தது. நெஞ்சுவலிதான் வரப்போகிறது என்று பயந்து, அடுத்த புதன்கிழமை, ஸ்டேஷன் பக்கத்தில் கிளினிக் வைத்திருக்கும் டாக்டர் எஸ்தரிடம் போனார். அந்த அம்மாள் திருநெல்வேலிக்காரர். இ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட்டு, "இதயம் குதிரை மாதிரி இருக்கு. என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க" என்றார். துரைசாமி சொன்னார்.

"மூளைக்குள்ள பாதாம்பருப்பு சைஸ்ல ஒண்ணு இருக்குங்கய்யா" என்றார் டாக்டர். "ஆபத்துன்னா மொதல்ல அதுக்குத்தான் தெரியும். நமக்குத் தகவல் வர்றதுக்குள்ள அது உடம்புக்கு உத்தரவு போட்டுரும். வயித்துல இருக்கிற ரத்தத்தை எடுத்துக் காலுக்கு அனுப்பிரும். அதான் வாய் காயுது, வயிறு கலங்குது, காது அடைக்குது. சில உடம்பு ஓடும். சில உடம்பு சண்டைக்கு நிக்கும். சில உடம்பு மரம் மாதிரி அப்படியே நின்னுபோகும். யாரும் தேர்ந்தெடுத்துச் செய்யறதில்ல."

"அப்ப எனக்கு இருக்கறது பொண்டாட்டிய வுட்டுட்டு ஓடுற பருப்பும்மா."

டாக்டர் சிரித்துவிட்டார். "ஓடணும்னு அதைப் பழக்கினது நீங்கதானே. வேற மாதிரியும் பழக்கலாம். நாளாகும்."

துரைசாமிக்கு அந்த ஆறுதல் ஏறவில்லை. காலைக் காரணம் சொல்லித் தப்பிக்கிற மாதிரி இருந்தது. கால் யாருடையது? பக்கத்து வீட்டுக்காரனுடையதா? வீட்டுக்கு நடந்து வரும்போதே ஒரு முடிவு எடுத்தார். மறுநாள் மாடிக்குப் போய், விமான் நகரில் இருக்கும் மகள் தீபாவுக்குப் போன் போட்டார்.

"உங்கம்மாவ நீ கூட்டிம்போயி வச்சிக்கமா" என்றார். "என்கூட இருந்தா அவளுக்கு ஆபத்து."

தீபா ஏற்கெனவே கோபத்தில்தான் இருந்தாள். புனேயிலேயே பிறந்து வளர்ந்த பெண், அவள் தமிழ் தடுக்கித் தடுக்கித்தான் வரும். "நானே சொல்லணும்னு இருந்தேன் பப்பா. எப்படி நீங்க... சோடோ, விடுங்க. இந்த சண்டே ஆபீஸ்ல ரிலீஸ் இருக்கு. அடுத்த சண்டே வரேன். மம்மி பர்மனெண்ட்டா என்கூடவே இருக்கட்டும்."

எப்போதைக்குமாக என்றுதான் அவரும் சொல்ல நினைத்திருந்தார். ஆனால் மகள் வாயால் கேட்டபோது கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. முப்பத்திரண்டு வருடம் அவளோடு இருந்திருக்கிறார். அவள் இல்லாத வீட்டில் எந்தப் பக்கம் திரும்பி உட்காருவது என்றுகூட அவருக்குத் தெரியாது.

கீழே இறங்கி வந்தால், பவுன் மாடிப்படியின் அடியில் காயப்போட வேண்டிய துணி வாளியோடு நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"என்ன அனுப்புறதுக்கு நீங்க யாரு?" என்றாள்.

"பவுனு, இன்னொரு வாட்டி அப்படி நடந்தா..."

"நடந்தா?"

"எனக்கே என்ன நம்ப முடியல."

பவுன் வாளியைக் கீழே வைத்தாள். "இன்னிக்கி வியாழன். அவ வர்றதுக்குப் பத்து நாளு இருக்கு" என்றாள். "அந்த ஃபோர்மேன் உங்க காலுக்குச் சொல்லிக் குடுத்தாரில்ல? நானும் சொல்லிக் குடுக்கறேன். உங்க காலு அந்தாளு பேச்சக் கேக்கும், என் பேச்சக் கேக்காதா?"

அன்று சாயங்காலமே பாடம் ஆரம்பமானது. துரைசாமி நாற்காலியில் உட்கார வேண்டும். பவுன் சமையலறையில் நின்று தாம்பாளத்தைக் கரண்டியால் அடிப்பாள். அவர் வாசல் பக்கம் போகாமல் அவளிடம் வர வேண்டும். முதல் தடவை அடித்தபோது அவர் எழுந்து, வேட்டியைச் சரி செய்துகொண்டு, கடைக்குப் போகிறவர் மாதிரி நடந்து வந்தார். இதில் என்ன பயிற்சி இருக்கிறது? அடிக்கப்போகிறாள் என்று தெரிந்தால் கால் ஏன் பயப்படும்? ஆகவே பவுன் சொல்லாமல் கொள்ளாமல் அடிக்க ஆரம்பித்தாள்.

அதன் பிறகு அந்த வீட்டில் அமைதி போயிற்று. அவர் முகச்சவரம் செய்யும்போது அடிப்பாள். பேப்பர் படிக்கும்போது அடிப்பாள். கண்ணசரும்போது காத்திருந்து அடிப்பாள். அடித்த ஒவ்வொரு முறையும் துரைசாமி வாசலுக்குத்தான் ஓடினார். சனிக்கிழமை பாதி முகத்தில் சோப்பு நுரையோடு தண்ணீர்த் தொட்டி வரைக்கும் போய் நின்றுவிட்டார். பிள்ளைகள் கைதட்டின. பவுன் போய் அவர் கையைப் பிடித்து அழைத்து வந்தாள். வழியெல்லாம் அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்தது அவருக்குத் தெரிந்தது. தீப்பிடித்த நாளுக்குப் பிறகு அவள் அன்றைக்குத்தான் அவர் கையைத் தொட்டாள். சோப்பு நுரையோடு இன்னும் நாலு தெரு சுற்றினாலும் பரவாயில்லை என்று இருந்தது அவருக்கு.

ஞாயிற்றுக்கிழமை அவர் கடைக்குப் போய் மஞ்சள் பெயிண்டும் ஒரு பிரஷும் வாங்கி வந்தார். கால் கோட்டைப் பார்த்துப் பழகியது, கோடு போட்டால் கேட்கும் என்பது அவர் யோசனை. நாற்காலியிலிருந்து சமையலறைக்கு ஒரு கோடு இழுத்தார். கட்டிலிலிருந்து ஒன்று, குளியலறையிலிருந்து ஒன்று. மூன்றும் அடுப்படியில் வந்து முடிந்தன. பளபளவென்று இருந்த மொசைக் தரையைப் பார்த்துப் பவுன் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"நான் இன்னா இருபத்துநாலு மணி நேரமும் அடுப்புகிட்டயேவா நிக்கப்போறேன்? துணி தொவைக்கிற எடத்துல இருந்தா? மாடியில இருந்தா? ஊரெல்லாம் கோடு போடுவீங்களா?"

துரைசாமி பிரஷைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்திருந்தார். இதை அவர் யோசிக்கவில்லை. வேப்பமரம் நகராது. பவுன் நகருவாள்.

"அப்ப நீ கூப்புடு" என்றார். "நீ எங்க இருக்கியோ அங்கேர்ந்து கூப்புடு. கொரல வச்சி வந்துர்றேன்."

பவுன் முகம் மாறிவிட்டது. விடுவிடுவென்று உள்ளே போய்விட்டாள். அதற்கப்புறம் மூன்று நாள் தாம்பாளத்தைத் தொடவில்லை. மனம் மாறிவிட்டாள், மகளோடு போகத் தயாராகிவிட்டாள் என்றே துரைசாமி நினைத்தார். அவளுடைய ரத்த அழுத்த மாத்திரை, முழங்கால் தைலம், ஸ்வெட்டர் எல்லாவற்றையும் தேடி ஒரு பையில் அடுக்கவும் ஆரம்பித்தார். விமான் நகர் ஃபிளாட்டில் ஏசி போட்டால் அவளுக்குக் கால் குடையும் என்று இரண்டு ஜோடி சாக்ஸும் வைத்தார்.

புதன்கிழமை மத்தியானம் பவுன் சமையலறைத் தரையில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். துரைசாமியும் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு பல்லை எடுத்து உரித்தார்.

"அன்னிக்கி நான் உங்கள கூப்புடல" என்றாள் பவுன்.

"எப்பிடிக் கூப்புடுவ? நான்தான் ஓடிட்டேனே."

"அது இல்லீங்க. கூப்புடணும்னு வாயத் தொறந்தேன். கொரலு வரல. தொண்டையில யாரோ கையி வச்சாப்பல இருந்திச்சி. காலு தரையோட ஒட்டிக்கிச்சி. தீ தோ இங்க எரியுது, முடி பொசுங்குற வாசன வருது, ஒரு அடி பின்னால வைக்க முடியல. சுனிலு வரலன்னா அப்பிடியே எரிஞ்சிருப்பேன்." பூண்டைத் தட்டில் போட்டாள். "எல்லாரும் என்ன தெகிரியம், தெகிரியம்னு சொன்னாங்க. நானும் ஆமான்ற மாதிரி நின்னுக்கினேன்."

துரைசாமி உரித்துக்கொண்டிருந்த பல்லைக் கீழே வைத்தார்.

"பொடவ ஈரமா இருந்திச்சில்ல?" என்றாள், இன்னும் மெதுவாக. "சுனிலு கோணியிலேர்ந்து தெறிச்ச தண்ணின்னு நெனச்சாங்க. அது தண்ணி இல்ல."

சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். ஐம்பத்தாறு வயதுப் பெண்பிள்ளை, பேர் சொன்னால் சந்தே எழுந்து நிற்கும், பிறந்த பிள்ளை மாதிரி தேம்பினாள். இரண்டு வாரமாகப் பாராட்டு வாங்கி வாங்கி அந்த வெட்கத்தை உள்ளேயே வைத்திருந்திருக்கிறாள். தன் ஓட்டமாவது ஊருக்கே தெரிந்தது, கேலி செய்தார்கள், ஆறிப்போயிற்று. இவள் யாரிடம் சொல்லி ஆறுவாள்? துரைசாமிக்கு நெஞ்சு வலித்தது. குதிரை மாதிரி இருந்த இதயம்தான்.

"பவுனு, இங்க பாரு" என்றார். "அது நீ இல்ல. மூளைக்குள்ள பாதாம்பருப்பு கணக்கா ஒண்ணு கீதாம். டாக்டரம்மா சொன்னாங்க. அதுதான் உத்தரவு போடுதாம். சில ஒடம்பு நின்னுபோவுமாம். அடிவயித்துல பிடிப்பு வுட்டுப்போறதும் அதனாலதான் இருக்கும். பொம்பள ஆம்பளன்னு இல்ல, எல்லாருக்கும்தான். இதுக்குப் போயி அழலாமா?"

பவுன் முந்தானையை விலக்கி, சிவந்த கண்ணால் அவரைப் பார்த்தாள். "எனக்குன்னா அது பருப்பு. உங்களுக்குன்னா மட்டும் பாவமா?"

துரைசாமி பூண்டுத் தட்டை நகர்த்தி வைத்தார். அவளுடைய கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். இரண்டு கையிலும் பூண்டு வாசனை. ரொம்ப நாள் கழித்து அன்றைக்குத்தான் அவர் வயிறாரச் சாப்பிட்டார்.

ஆக, கற்றுக்கொள்ள வேண்டியவர்கள் இரண்டு பேர். அவர் வர வேண்டும், அவள் கத்த வேண்டும். என்ன சொல்லிக் கத்துவது என்பதில்தான் சிக்கல். "ஏங்க" என்பது கத்துவதற்கான சொல்லே இல்லை. எத்தனை பலமாகச் சொன்னாலும் காப்பி வேணுமா என்று கேட்கிற மாதிரிதான் இருக்கும். பேரைச் சொல்லிக் கூப்பிடு என்றார் துரைசாமி. பவுன் காதைப் பொத்திக்கொண்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் புருஷன் பேரை வாயால் சொன்னதில்லை. தீபா பிறந்தபோது ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்டதற்கு உள்ளங்கையில் எழுதிக் காட்டியவள். ரேஷன் ஆபீசில் அட்டையைத் திருப்பிக் காட்டுவாள். தாபோடிக்கு வந்து இத்தனை வருடத்தில் ஹிந்தி பேசினாள், மராத்தி பேசினாள், வடா பாவ் சாப்பிடக் கற்றுக்கொண்டாள். அந்த ஒன்று மட்டும் அப்படியே இருந்தது.

"பேரு வேணாம்னா நம்பரக் கூப்புடு" என்றார் கடைசியில். "சாத் சௌ பயாலிஸ். முப்பத்து மூணு வருசம் அந்த நம்பருக்குத்தான் பதில் சொன்னேன்."

எழுநூற்று நாற்பத்திரண்டு. பவுனுக்கு அது சம்மதமாக இருந்தது. வியாழனும் வெள்ளியும் இருவரும் பழகினார்கள். அவள் மாடியில், குளியலறையில், துணி துவைக்கும் இடத்தில் என்று எங்கெங்கோ நின்று "சாத் சௌ பயாலிஸ்!" என்று கத்துவாள். அவர் "ஹாஜிர்!" என்று பதில் கொடுத்துக்கொண்டு குரலைத் தேடி வருவார். சுனில் மனைவி லலிதா மதில்மேல் எட்டிப் பார்த்துவிட்டு, இந்த மதராஸிக் கிழங்களுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று வீட்டுக்குள் போய்விட்டாள்.

பத்துக்கு நான்கு முறை அவர் சரியாக வந்தார். மற்ற ஆறு முறை வாசல்தான். சனிக்கிழமை கடைசித் தடவையும் வாசல்தான். நிலைப்படியில் நின்றுகொண்டு, "பாத்தியா? இதுதான் நான்" என்றார் துரைசாமி. கட்டி வைத்த பை கட்டிலின்மேலேயே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குத் தீபா காரில் வந்தாள். தரையில் இருந்த மஞ்சள் கோடுகளைப் பார்த்து, "ஹே காய் பப்பா?" என்று மிரண்டாள். துரைசாமி பையைக் கொண்டுவந்து நாற்காலி பக்கத்தில் வைத்தார். மாத்திரை எந்த அறையில் இருக்கிறது, சாக்ஸ் எங்கே என்று காட்டினார். பவுன் அதைப் பார்க்கச் சகியாமல் சமையலறைக்குள் போய்விட்டாள்.

"மம்மிக்கு ஒரு எமர்ஜென்சின்னா யாராவது கூட நிக்கணும் பப்பா. அவ்வளவுதான் நான் சொல்றேன்" என்றாள் தீபா. "ஃபேமிலின்னா அதானே?"

"ஆமாம்மா" என்றார் துரைசாமி. அவர் கையில் மகளுக்காகப் பவுன் போட்டுக் கொடுத்த டீ இருந்தது. அதை நீட்டப்போனார்.

சமையலறைச் சுவருக்குப் பின்னால் ஒரு கம்பத்தில் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது. அது அந்த நிமிடத்தில் வெடித்தது. வீடே ஒரு முறை குலுங்கியது. நீல வெளிச்சம் அடித்தது, சமையலறை ஜன்னல் கண்ணாடி சரசரவென்று உதிர்ந்தது, கரியும் ரப்பரும் கலந்த நாற்றம் வந்தது.

துரைசாமிக்கு வாய் உலர்ந்தது. காது அடைத்தது. எதிரில் வாசல் மட்டும் தெரிந்தது, அதுவும் ஒரு குழாயின் மறுமுனையில் தெரிகிற மாதிரி. கிளாஸை மெதுவாக வைக்க மேஜை எங்கே என்று கை தேடியது. வலது கால் வாசல் பக்கம் ஓர் அடி வைத்துவிட்டது. வைத்தது, இல்லை என்று சொல்ல முடியாது. அந்த அடியை வைக்கும்போதே அவருக்குத் தெரிந்தது, கால் போகிறது, இந்த முறையும் போகிறது.

"துரைசாமீ!"

சந்து முழுக்கக் கேட்டது. நம்பர் இல்லை. ஹிந்தி இல்லை. அடிவயிற்றிலிருந்து வந்த குரல், முப்பத்திரண்டு வருடம் அவர் கேட்டேயிராத ஒரு குரல், அவர் பெயரைக் கூப்பிட்டது.

கிளாஸ் கீழே விழுந்து உடைந்தது. டீ மஞ்சள் கோட்டின்மேல் ஓடியது. ஹாஜிர் என்று சொல்ல அவருக்கு மறந்துபோனது. அடுத்த நொடி அவர் சமையலறையில் இருந்தார். பவுன் கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவே, அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் இரண்டு கையையும் பிடித்தார். அவளும் பிடித்தாள். அப்படியே நின்றார்கள்.

ஜன்னலுக்கு வெளியே கம்பத்திலிருந்து பொறி கொட்டிக்கொண்டிருந்தது.

"இப்ப இன்னா பண்ணணும்?" என்று கேட்டாள் பவுன்.

துரைசாமி யோசித்தார். பத்து நாள் பழகியதெல்லாம் இது வரைக்கும்தான். அவர் வர வேண்டும், அவள் கையைப் பிடிக்க வேண்டும். பிடித்த பிறகு வெளியே போவதைப் பற்றி இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை.

"தெரியலியே" என்றார்.

சுனில்தான் பின்பக்கமிருந்து, "காகா, மாவ்ஷி, பாஹேர் யா! பாஹேர்!" என்று கத்தினான். வெளியே வாருங்கள் என்று அவன் சொன்ன பிறகுதான் கையை விடாமல், கண்ணாடியைத் தாண்டித் தாண்டி, இருவரும் முன்வாசலுக்கு வந்தார்கள்.

தீபா தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். ஒரு காலில் செருப்பு இல்லை. கார் சாவியை நெஞ்சோடு அழுத்திப் பிடித்திருந்தாள். அப்பாவும் அம்மாவும் கைகோத்து வருவதைப் பார்த்ததும் முகம் கோணியது. ஓடிவந்து பவுனின் தோளில் விழுந்தாள்.

"நான் ஓடிட்டேன் மம்மி. உன்னை விட்டுட்டு... மலா களலச் நை. எப்படி வந்தேன்னே தெரியல."

துரைசாமி மகளின் தலையில் கை வைத்தார். அவரையே உரித்து வைத்த கால்கள், பாவம். "அழாதமா" என்றார். "அது நீ இல்ல. மொதல்ல ஒரு டம்ளர் தண்ணி குடி. அப்பால சொல்றேன்."

மின்சார ஆட்கள் வந்து கம்பத்தைப் பார்த்து, பயமில்லை என்று சொல்லிவிட்டுப் போக ஒரு மணியாயிற்று. அதற்குள் சுனில் கண்ணாடியைப் பெருக்கித் தந்தான். தீபா பையைத் திறந்து, மாத்திரையையும் தைலத்தையும் தானே பழைய அலமாரியில் திருப்பி வைத்தாள். யாரும் அவளிடம் சொல்லவில்லை. பிறகு முகம் கழுவக் குளியலறைக்குப் போனாள்.

சமையலறையில் பவுனும் துரைசாமியும் மட்டும் இருந்தார்கள்.

"சந்து முழுக்கக் கேட்டிருக்கும்" என்றாள் பவுன். காது மடல்வரை சிவந்திருந்தது. "நாளைக்கி எப்பிடி வெளிய போவேன்? நம்பருதான் சொல்லணும்னு இருந்தேங்க. வாயில அது வந்திருச்சி."

"இன்னொரு வாட்டி கூப்புடு."

"சும்மா இருங்க. பொண்ணு இருக்கா."

"மெதுவா கூப்புடு. எனக்கு மட்டும் கேக்கட்டும்."

பவுன் குளியலறைப் பக்கம் பார்த்தாள். குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. உதடு மட்டும் அசைகிற மாதிரி, அந்தப் பெயரைச் சொன்னாள். துரைசாமி அவள் பக்கத்தில்தான் நின்றிருந்தார், இருந்தாலும் ஓர் அடி எடுத்து வைத்தார்.